கடலுக்குப் போன மலை

லாரிக்காரனுக்கு ஊர் என்பது பக்கக் கண்ணாடியில் பின்னால் போய்க்கொண்டே இருக்கிற ஒன்று. ராத்திரி கண்விழித்துப் பிழைக்கிற சகாக்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மைல்கல்லில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் மதுரையிலிருந்து கடலோரத்துக்கு லாரியில் கல் லோடு அடித்தேன். எதிரே ஒரு தீவு. அரசாங்கம் பணம் ஒதுக்கி, படகு வந்து அணையக் கடலுக்குள் கல்லைக் கொட்டி இரண்டு கரை போடச் சொல்லியிருந்தது: ஒன்று கடற்படைக்கு, இன்னொன்று தீவுக்காரர்களின் சரக்குப் படகுக்கு.

மேய்ச்சல்

மதுரையை ஒட்டிய பரவைக்கு அந்தப் பக்கம் மலையடியில் லோடு ஏற்றும்போது, ஆடு மேய்க்கிற காளியம்மா வழிமறிப்பாள். “எங்க மலைய எங்கண்ணே கொண்டு போற?” நாடு, பட்டாளம், துறைமுகம் என்று பேப்பரில் படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அம்புட்டும் சரிண்ணே. ஒங்க கப்பலு புல்லுத் திங்குமா, எங்க ஆடு தண்ணியில மேயுமா, அத மட்டும் சொல்லிட்டுப் போ.”

கல் எங்கே?

கொட்டக் கொட்டக் கல் முங்கியது, கரை தலைகாட்டவில்லை. மதுரை கே.கே. நகரிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி, “கல்லெல்லாம் எங்கேய்யா?” என்று குதித்தார். தீவுக்குப் போகும் அரிசியும் வெங்காயமும் அப்போது தலைச்சுமையாகத்தான் படகேறும். இடுப்பளவு தண்ணீரில் மூட்டையோடு நின்ற படகுக்காரர் சந்தியாகு திரும்பிப் பார்த்தார். “எறங்கி வந்து பாருங்கய்யா, நாங்க தெனமும் எறங்குறோம்ல.”

வெள்ளைக் கொடி

எங்களுக்கு வாய்ச்சொல் கிடையாது, கொடிதான். சிவப்பு நட்ட இடம் கடற்படைக்கரை, வெள்ளை நட்ட இடம் தீவுக்காரர்களின் படகுக்கான தீவுக்கரை. கொடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்துக் கொட்டுவோம். மாதக்கணக்கில் கொட்டி ஒருவழியாகக் கரை தலைகாட்டியது. இன்னும் ஒரு வரிசை லாரி கொட்டினால் தீவுக்கரையைப் படகு தொட்டுவிடும் என்ற நிலையில், ஒரு விடியலில் வெள்ளைக் கொடியைக் காணோம். “பணம் பத்தல. பட்டாளத்துக்குத்தான் மொதல்ல. தீவு அப்புறம்” என்றார் மேஸ்திரி, டீ குடிக்கப் போய்க்கொண்டே.

‘அப்புறம்’ எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். என் வெள்ளைத் தோள்துண்டைக் கடப்பாரையில் கட்டித் தீவுக்கரையின் நுனியில் ஊன்றினேன். முதல் லோடு என்னுடையது. பின்னால் வந்தவர்கள் வழக்கப்படி யாரையும் கேட்கவில்லை. வெள்ளையைப் பார்த்தார்கள், கொட்டினார்கள்.

மேஸ்திரி ஓடிவந்தார். “பட்டாளத்துக் கல்லுய்யா! இனிமே ஒனக்கு இங்க லோடு கெடையாது!” கடலில் விழுந்ததைத் திருப்பி அள்ளவா முடியும்? புதுக் கல்லின் மேல், கால் நனையாமல் மூட்டையோடு நடந்து போன சந்தியாகு படகடியில் நின்றார். “பட்டாளம் காவக் காக்குறது எங்களத்தானய்யா? நாங்க உசுரோட இருந்தாத்தான அவுகளுக்கு வேலை!”

துறைமுகத்துக்கு அரசாங்கம் போட்டது கோடியாக இருக்கலாம், நான் போட்டது ஒரு துண்டும் என் பிழைப்பும்.