எங்கள் கதவில் மாட்டிய மலர்வளையம்

ஈரத் திராட்சைக் கொடியின் வாசம் விரலை விட்டு லேசில் போகாது. சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில் நாலாம் வகுப்பு படிக்கும்போது, கைவேலைப் பாடத்தில் அதை வளைத்து வளைத்துக் கட்டினேன்...

டீச்சர் அதைக் 'கிரான்ஸ்' என்றார். இலையுதிர் காலத்தில் வீட்டுக் கதவில் மாட்டுவார்களாம். கொடியை வட்டமாக முறுக்கி, கம்பி சுற்றி, சிவந்த மேப்பிள் இலைகளும் காட்டுரோஜாக் காய்களும் செருகினேன். கடைசியில் ஒரு ரிப்பன். மற்றப் பிள்ளைகள் அதில் தங்கள் குடும்பப் பெயரை எழுதினார்கள்.

நான் தமிழில் 'அப்பாவுக்கு' என்று எழுதினேன்.

அன்று அப்பாவுக்கு பேர்னில் இதய ஆபரேஷன். முடிந்ததும், மூன்று மணிபோல், தாங்களே வீட்டுக்கு ஃபோன் எடுப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதுவரை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அம்மா முதியோர் இல்லச் சமையலறைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை, மத்தியானத்தோடு பள்ளி விட்டுவிடும். வந்ததும் கதவில் மாட்டினேன். பொங்கலுக்கு பிளாஸ்டிக் மாவிலை கட்டுவோமே... கதவில் இலை இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு.

மேல்வீட்டு ராணி மாமி படியேறும்போது அதைப் பார்த்திருக்கிறார். ரிப்பனையும் வாசித்திருக்கிறார். எங்கள் மணியை அடிக்கத் தைரியம் வராமல், நேரே அம்மாவின் வேலையிடத்துக்கு ஃபோன் எடுத்துவிட்டார்.

"எனக்கொரு சொல் சொல்லேல்லையே, தங்கச்சி... மலர்வளையமும் வந்திட்டுது..."

அம்மா ஏப்ரனோடு ஓடி வந்தார். கதவைப் பார்த்ததும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆர் இதைக் கொண்டந்தது?"

"நான்தான் செய்தனான், அம்மா. பள்ளிக்கூடத்திலை."

"ஆஸ்பத்திரியிலை இருந்து ஆரும் எடுத்தவையோ?"

"இல்லை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "இது செத்த வீட்டுக்கு வைக்கிறது, பிள்ளை" என்று மட்டும் சொல்லிக் கழற்றி, பால்கனியில் கொண்டுபோய் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் என்னைப் பயம் பிடித்தது. நான் மாட்டியதால் அப்பாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ? யாரிடமும் கேட்க முடியவில்லை. மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொன்னவர்கள் நாலு மணியாகியும் எடுக்கவில்லை. ராணி மாமி கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் குடிக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கிட்ட ஃபோன் அடித்தது.

"நீ எடு பிள்ளை. எனக்கு இப்ப டொச் வராது."

டாக்டர் ஜெர்மன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு 'குட்' என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. வந்தது.

"நல்லபடியா முடிஞ்சுதாம், அம்மா."

"வடிவாக் கேட்டனியோ? திருப்பிக் கேள்."

மூன்று தரம் கேட்டேன். டாக்டரும் பொறுமையாக மூன்று தரம் சொன்னார்.

இப்போது ஒக்டோபர் வந்தால் தமிழ் வீடுகளிலும் கிரான்ஸ் தொங்குகிறது. ராணி மாமியே கடையில் வாங்கி மாட்டுகிறார். கேட்டால், "வடிவாத்தானே கிடக்கு" என்பார்.

நேற்று என் மகள் ஒன்று செய்து கொண்டுவந்தாள். அவளைக் கொஞ்சினேன், நானே கதவில் மாட்டியும் கொடுத்தேன். பிறகு குசினிக்குள் போய் அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"என்ன பிள்ளை, இந்த நேரத்திலை?"

"சும்மா, அப்பா. என்ன செய்யிறியள்?"

"என்ன செய்யிறது... இருக்கிறன், பிள்ளை."

அதைக் கேட்ட பிறகுதான் வெளியே போய், மகள் செய்ததைச் சரியாகப் பார்த்தேன்.