கொப்பியில் இருந்த எப்-22

நாங்கள் விளையாடிய விமானச் சண்டை விளையாட்டில் எப்-22 விமானம் கடைசியில்தான் கிடைக்கும். பழைய, மெதுவான விமானத்தில் தொடங்கி, ஒவ்வொரு கட்டமாக முடித்துப் பதினோராவது கட்டத்தையும் தாண்டினால், விமானக் கொட்டகையின் கதவு திறக்கும். சாம்பல் நிறத்தில், வெளியே சாய்ந்த இரட்டை வாலோடு அது நிற்கும். எதிரிகள் எல்லோரையும் முடித்த பிறகு கையில் வரும் பரிசு. அதை எடுத்துக்கொண்டு பழைய கட்டங்களுக்கே திரும்பிப் போகலாம். வேறு வேலை அதற்கு இல்லை. அடுத்து வந்த பாகங்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராக இருந்தேன். என்னோடு சேர்ந்து விளையாடிய நண்பன் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இரண்டு வீடு தள்ளி இருந்தவன். கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்த்தான். கடையை உடைத்துத் திருத்திய நான்கு மாதங்கள் அவன் ஊரில் இருந்தான். அந்த நான்கு மாத ஞாயிறுகளிலும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனோம். அங்கே பஸார் மாடியொன்றில் இரண்டு டீவி வைத்து ஒரு முஸ்லிம்காரர் வீடியோ கேம் கடை நடத்தினார். அண்ணன் என்ற முறையில் எல்லோருக்கும் அவர் நானா.

அவரிடம் இருந்த இறுவட்டு பிரதி எடுத்தது. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. எங்கே போக வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்று திரையில் விரிவாக எழுதியிருக்கும். எங்களில் யாருக்கும் ஒரு எழுத்தும் தெரியாது. செத்துச் செத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே ஒரு கொப்பி போட்டோம். அவன் விளையாடுவான், நான் எழுதுவேன்.

“எழுதுடா, லெப்ட்ல ரெண்டு ராடர். மொதல்ல அத அடிக்கணும்.”

“கொஞ்சம் மெதுவா சொல்லு.”

“நான் மெதுவா சொன்னா அவன் மெதுவா சுடுவானா?”

நான் அதை ஒழுங்கான தமிழில் எழுதிக்கொள்வேன். ஏழாம் கட்டம் இப்படி இருந்தது: ‘பள்ளத்தாக்குக்குள் தாழ்வாகப் போகவும். இடப்பக்கம் இரண்டு ராடர், முதலில் அவை. அணைக்கு மேல் பீரங்கி. அணையைத் தாண்டியதும் உடனே ஏறவும்.’ பக்கத்தில் ஆறு, அணை, மலைகளை வைத்து ஒரு படமும் வரைந்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் எப்-22இன் படம். அதன் கீழே: ‘ராடரில் தெரியாது. இதில் போனால் யாருக்கும் தெரியாது.’

கொழும்புக் கடை மறுபடி திறந்ததும் அவன் புறப்பட்டான். அவன் தங்கும் இடத்துக்குப் பக்கத்துக் கேம் கடையில் இரண்டாம் பாகம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதையும் குறித்து வருகிறேன் என்று கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டான். போர் நடந்துகொண்டிருந்த காலம். பொல்பிட்டிய நீர்மின்நிலையம் இருக்கும் திசையில் இறங்கும் பாதையில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறந்தார்கள். தமிழ் வாலிபன், கொழும்பு முகவரி, பையில் தமிழில் எழுதிய கொப்பி, அதில் அணையின் படம். அவனை விட்டுவிட்டு பஸ் போனது.

மாலையில் திரும்பிய பஸ்ஸின் கண்டக்டர் அவனுடைய தகப்பனுக்குச் சொல்லி அனுப்பினார். தகப்பன் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“கொப்பி என்னமோ எடுத்தாங்களாம் தம்பி. அவன் அப்படியெல்லாம் எழுதுற ஆளு இல்லையே.”

“நான் எழுதுனதுங்க மாமா” என்றேன்.

“அப்ப காலைல வெள்ளென போவோம்” என்றார்.

மறுநாள் காலை அவரோடு ஹட்டனில் இறங்கி நானாவிடம் போனேன். விஷயத்தைக் கேட்டவர் கடையைத் திறக்காமல் விளையாட்டு இயந்திரத்தைக் கழற்றிப் பழைய பிஸ்கட் பெட்டியில் வைத்தார். மெமரி கார்ட்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விளையாட்டை முடித்த பதிவு அதில்தான் இருந்தது. அது இல்லாமல் எப்-22ஐக் காட்ட முடியாது.

மூவரும் அவனை வைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அதன் பொறுப்பதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தோட்டமொன்றுக்குப் பக்கத்தில் வளர்ந்த சிங்கள சார்ஜன்ட் ஒருவர் எங்களைப் போலவே தமிழ் பேசினார்.

“இது ஒன் எழுத்தா தம்பி?”

“ஆமாங்க சேர். வெளையாட்டுக்கு எழுதுனது.”

“அணைக்கட்ட அடிக்கிறது வெளையாட்டா?”

காட்டுகிறேன் என்றேன். அவர்கள் ஓய்வறையில் ஒரு டீவி இருந்தது. நானா வயரைச் செருகினார். நான் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது: நான்கு மாதமும் நான் எழுதியிருக்கிறேனே தவிர விளையாடியதில்லை. மூன்று முறை மலையில் மோதினேன். பொலிஸ்காரர் ஒருவர் சிரித்தார். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. நானாவைப் பார்த்தேன்.

“எனக்குக் கடை நடத்தத்தான் தெரியும்” என்றார் அவர்.

“சேர், அவன்தான் வெளையாடுவான். நான் எழுதுறவன்” என்று சார்ஜன்ட்டிடம் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். பொறுப்பதிகாரி யோசித்துவிட்டு அவனைக் கொண்டுவரச் சொன்னார்.

ஓரிரவில் அவன் அவ்வளவு மாறியிருக்கவில்லை. சட்டை கசங்கியிருந்தது, செருப்பு இல்லை. என்னைப் பார்த்தான், நானாவைப் பார்த்தான், பிறகு டீவியைப் பார்த்தான். வாங்குப் பலகையில் உட்கார்ந்து எப்-22ஐத் தேர்ந்தெடுத்தான். கொட்டகைக் கதவு திறந்தது. சார்ஜன்ட் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, தலையாட்டினார்.

பிறகு ஏழாம் கட்டம். சார்ஜன்ட் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து, சிங்களத்தில் சொல்ல, அவன் அதைச் செய்தான். பள்ளத்தாக்கு வந்தது. இடப்பக்கம் இரண்டு ராடர் வந்தன. வரி சரியாக இருந்தால் சார்ஜன்ட் சிவப்புப் பேனையால் அடையாளம் போட்டார். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த பத்திரிகையில் என் பிரதியை எத்தனையோ பேர் திருத்தியிருக்கிறார்கள். அந்த சார்ஜன்ட் அளவுக்குக் கவனமாக யாரும் வாசித்ததில்லை.

அணையை நெருங்கும்போது எச்சரிக்கை ஒலி கேட்டது. பின்னால் ஏவுகணை. அவன் விமானத்தைச் சாய்த்துத் தப்பினான். இரண்டாவது வந்து வாலில் பட்டது. பொறுப்பதிகாரி கையை உயர்த்தினார். அவர் சொன்னதை சார்ஜன்ட் எங்களுக்குச் சொன்னார்.

“ராடர்ல தெரியாதுன்னு எழுதியிருக்கு. அப்பறம் எப்படி ராக்கெட் வருது?”

வரத்தான் செய்யும். அந்த விளையாட்டில் எப்-22 வேகமானது, நன்றாகத் திரும்பும், ஒளிந்து போகாது. எதிரிக்கு மற்ற விமானங்களைப் போலவே தெரியும். அந்த வரி விளையாட்டில் இருந்து வந்ததல்ல. ஞாயிறு பத்திரிகையின் அறிவியல் பக்கத்தில் படித்து, படத்துக்குக் கீழே ஏதாவது இருக்கட்டும் என்று நான் சேர்த்தது. இரண்டாவது வாக்கியம் பத்திரிகையிலும் இல்லை.

நான் உடனே பேசவில்லை. அவன் பேசினான்.

“அது நான் எழுதச் சொன்னதுங்க சேர்.”

அவனிடம் தொடர்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எங்கே தெரிந்துகொண்டாய், யார் சொன்னது. அவனுக்குப் பதில் தெரியாது. மூன்றாவது கேள்வியில்தான் நான் வாயைத் திறந்தேன்.

“அவன் சொல்லல சேர். பேப்பர்ல பாத்து நானேதான் எழுதினேன். வெட்டி வச்ச துண்டு வீட்ல இருக்கு.”

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். “அப்ப வெளையாட்டுல இல்லாததும் இதுல இருக்கு.”

“அந்த ரெண்டு வரி மட்டுந்தாங்க.”

“அத நாங்கதானே பாக்கணும்.”

அன்று பின்னேரம் வரை மீதிப் பத்துக் கட்டங்களையும் அவன் விளையாடினான். பொலிஸ்காரர்கள் கதவு வரை நின்று பார்த்தார்கள். ஒன்பதாம் கட்டத்தில் ஒருவர், இடப்பக்கம் பார், இடப்பக்கம் பார் என்று சிங்களத்தில் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கொப்பி முழுக்கச் சிவப்பு அடையாளம். கடைசிப் பக்கத்தில் மட்டும் இல்லை. பத்திரிகைத் துண்டைக் கொண்டுவரச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டு, அவனை உள்ளே கூட்டிப் போனார்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்காக அவன் இன்னும் ஒரு இரவு அங்கே இருந்தான்.

மறுநாள் அவனுடைய தகப்பனோடு போய்த் துண்டைக் கொடுத்தேன். என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். மேற்படி விமானம் ராடரில் தெரியாது என்பது மேற்படி விளையாட்டைப் பொறுத்தவரை உண்மையல்ல என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. கொப்பியை வைத்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு அவன் வெளியே வந்தான்.

மேலே ஏறும் பஸ்ஸில் அவனுடைய தகப்பன் முன் இருக்கையில் இருந்தார். நாங்கள் பின்னால். பஸ் கினிகத்தேன ஊரைத் தாண்டியது.

“ஒன் பேர எழுதிக்கிட்டாங்களா?” என்றான்.

“எழுதிட்டாங்க. விலாசமும்.”

“மொத நாளே கேட்டாங்க, யாரு எழுதுனதுன்னு. நான் சொல்லல.”

“தெரியும்.”

“நீ ஏன்டா அவ்வளவு நேரம் பேசாம நின்ன?”

பயமாக இருந்தது என்றேன். அவன் தலையாட்டினான். கொழும்புக் கடையில் அதற்குள் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். அது அந்த வாரக் கடைசியில் தெரிய வந்தது. அந்த மாதமே அவன் தோட்டத்தில் பெயர் பதிந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கத் தொடங்கினான். ஞாயிறுகளில் ஹட்டனுக்கு அவன் தனியாகப் போனான். எதையும் எழுதி வைப்பதில்லை என்று நானா சொன்னார். எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தானாம்.