தறி நின்றபோது கேட்ட குரல்

எங்கள் வீட்டில் டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர் ஒருநாளும் சும்மா நின்றதில்லை. முன்னறையில் ஓடும் இரண்டு விசைத்தறிகளின் அதிர்வு தரை வழியே ஏறிவந்து அதன்மேல் சின்னச் சின்ன வட்டங்களைப் போட்டுக்கொண்டே இருக்கும். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கவே "தறிச்சத்தம்"தான். அதற்கு மேலே பேசினால்தான் பேச்சு, இல்லாவிட்டால் வெறும் வாயசைப்பு.

இரண்டு தறியையும் ஓட்டியது அம்மா. "சோறு எடுத்து வை" என்பதைக்கூடச் சண்டைக்குக் கூப்பிடுவது போலத்தான் சொல்லுவாள். அவள் ஒரு கோபக்காரி என்றே ஏழாம் வகுப்பு வரை நம்பியிருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் டீச்சரிடம், "எம்மவ நல்லா படிக்காளா?" என்று கேட்டது மூன்று வகுப்புக்குக் கேட்டுவிட, பிள்ளைகள் ஒரு மாதம் என்னை "லவுட் ஸ்பீக்கர்" என்றே கூப்பிட்டார்கள். கூடச் சேர்ந்து சிரித்தவள் என் உயிர்த்தோழி பியூலா. அவள் வீட்டில் அப்பா, அம்மா இருவரும் வாத்தியார்கள்; கடிகாரம் ஓடுவது கேட்கிற மாதிரிப் பேசுகிற குடும்பம்.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் துண்டுச்சீட்டு கொடுத்தபோது, நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் பதுக்கிவிட்டேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கணக்கு நோட்டு வாங்க முதன்முதலாக பியூலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். "வா தாயி, உக்காரு!" என்று அம்மா அலறியதில் அரண்டுபோனவள், மெல்ல என்னவோ கேட்டாள். "என்னது?" என்றாள் அம்மா. கொஞ்சம் உரக்கக் கேட்டாள். "கேக்கலை தாயி!" மூன்றாம் தடவை பியூலா கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, "அத்தை, நாளைக்கு மீட்டிங்குக்கு வாரியளா?" என்று கத்தவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

தெருவே கப்சிப். எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலுக்கு வந்து, "நாங்களும் வரணுமா தாயி?" என்று கேட்க, பியூலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏட்டி, என்ட்ட நீ சொல்லவே இல்லையே. நான் வந்தா ஒனக்கு வெக்கமா இருக்கோ?" என்றாள்.

பியூலா எப்போதும் பேசும் குரலைவிடச் சின்னக் குரல் அது. கரண்ட் போவது எங்களுக்குப் புதிதில்லை. போனதும் அம்மா துண்டால் விசிறிக்கொண்டு கண்ணயர்வாள், நான் விளையாட ஓடிவிடுவேன். நின்று அவள் சொந்தக் குரலைக் கேட்டது அன்றுதான். எங்கள் காதில் விழவேண்டுமே என்றுதான் இத்தனை வருஷமும் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

மறுநாள் பள்ளிக்கூட ஹால் வாசலில், வாயையே திறப்பதில்லை என்று முடிவு செய்தவள் போல் உதட்டை இறுக்கிக்கொண்டு அம்மா என்னைத் தேடி நின்றாள். மறுகோடியிலிருந்து நான், தறிக்கு மேலே கேட்கிற குரலில், "எம்மா! இங்கன வா!" என்று கூப்பிட்டேன். எல்லாத் தலையும் திரும்பியது. பக்கத்தில் பியூலாவும் எழுந்து தன் பங்குக்கு, "அத்தை, இங்கன!" என்று கத்தினாள். அம்மா முகம் மலர்ந்து, "வாரேன்ட்டி!" என்று போட்டாளே ஒரு சத்தம், மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது எங்கள் தெருவில் ஒன்றிரண்டு தறிகள்தான் ஓடுகின்றன. எங்கள் முன்னறையில் சோபா கிடக்கிறது, டம்ளர் தண்ணீர் அசைவதில்லை. அத்தனை வருஷச் சத்தத்தில் அம்மாவுக்குக் காது மந்தமாகி, அந்தச் சின்னக் குரலும் போய்விட்டது. ஊருக்குப் போனால் அவள் கத்துவாள், நானும் கத்துவேன். போன லீவில் என் மகள் பயந்துபோய், "நீயும் ஆச்சியும் ஏன்மா சண்டை போடுறீங்க?" என்று கேட்டாள். சண்டை இல்லை, பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.