குட்டி டீச்சர்

பதுளையில் கணிதம் கற்பிக்கும் எனக்கு, கையில் ஒட்டிய வெண்கட்டித் தூளைப் பார்த்தால் அம்மாவின் சந்தேகப் பார்வைதான் நினைவுக்கு வரும். அப்போது நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு. கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மா தினமும் என் விரல்களைப் பிடித்துப் பார்ப்பார்.

"படிக்கிற புள்ளைக்கு எதுக்குடி வெண்கட்டி?"

கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிடுவேன் என்பதால், ஆசிரியர் இல்லாத முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர பள்ளி அதிபர் என்னை அனுப்பிவந்தார். பெற்றோர் கூட்டத்தில் அவர், "இவ நம்ம குட்டி டீச்சர்" என்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை. பெரகல டவுன் கடைக்காரர் சிரித்துப் பேசினாலே தராசு முள்ளை உற்றுப் பார்ப்பவர் அவர். நானோ அம்மாமீதே சந்தேகப்பட்டேன். தான் படிக்காததால் என் பெருமை பிடிக்கவில்லையோ என்று.

மறுநாள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் சின்னப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டுவதை ஜன்னலோரம் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு அதிபரிடம் போனார்.

"எம் மக எப்ப சார் படிக்கிறா?"

"அவளுக்குத்தான் எல்லாம் தெரியுதேம்மா. கல்வி ஆபீஸ்ல இருந்து டீச்சர் அனுப்ப மாட்டேங்குறாங்க, அந்தச் சின்னப் புள்ளைங்கள நான் என்ன செய்யிறது?"

"அது பாவந்தான் சார். ஆனா தெரிஞ்சதையே இவ எத்தன நாளைக்குச் சொல்லிக்கிட்டிருப்பா? தெரியாதத யாரு சொல்லிக்குடுக்கிறது?"

அதிபர் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும், இனிக் கணக்குப் பாடத்துக்கு ஏழாம் ஆண்டில் போய் உட்காரச் சொன்னார். அம்மா அதையும் நம்பவில்லை. "ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிருவாரு, பாரு" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

ஏழாம் ஆண்டில் கரும்பலகை முழுக்க எண்களோடு எழுத்துகளும் கலந்து கிடந்தன. என்னால் ஒரு கணக்கைக்கூடப் போட முடியவில்லை. பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகள் கவனிப்பாரின்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டே லயத்து வீட்டுக்கு வந்தேன்.

"ஒன்னுமே வெளங்கலையா?"

"ஒன்னுமே வெளங்கலம்மா."

அம்மா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். யாரையும் நம்பாத அந்த முகம் மெல்லத் தெளிந்தது.

"இன்னைக்குத்தான்டி நீ பள்ளிக்கூடம் போயிருக்க" என்றார்.