டபுள் பேஸைத் தேர்ந்தெடுத்தது நான்தான்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மரக்கடை, அதை ஒட்டி ஒரு பட்டறை, பட்டறைக்கு மேலே ஒரு வீடு. மூன்றும் நான் கட்டியவை. செம்பாக்கம் ஏரியைச் சுற்றி நான் வாசற்கதவு மாட்டாத தெரு கிடையாது. கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்து மேடை என் கைவேலை. எத்தனையோ ஜோடிகளும் அவர்களுடைய சொந்தக்காரக் கூட்டமும் ஏறி நின்று போட்டோ எடுத்தும் ஒரு பலகை இன்றுவரை முனகியதில்லை. பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு மொத்தமும் நான் செய்து போட்டேன். நான் பெஞ்சில் உட்கார்ந்து படித்தது நாலாம் வகுப்பு வரைதான். அப்பன் சொத்து என்று ஒரு உளிகூட எனக்கு வரவில்லை. முதல் உளியை ஒரு மேஸ்திரியிடம் ஓசியில் வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது அவர் கொடுத்ததைவிடக் கூர்மையாகக் கொடுத்தவன் நான்.

இதையெல்லாம் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். என் மகளின் டபுள் பேஸ். அதைக் கண்டுபிடித்தவன் நான், தேர்ந்தெடுத்தவன் நான், பேச வைத்தவன் நான். பெயர் வாங்கியவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அவன் வங்கியில் அதிகாரி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதல் பட்டதாரி. அவன் முகத்தில் கரி பூசத்தான் இதை எழுதுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

டபுள் பேஸ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உருவம் வயலின் மாதிரி, உயரம் ஆளை மீறியது. நின்றுகொண்டு, தோளில் சாய்த்துப் பிடித்து வாசிக்க வேண்டும். என் மகள் என்னைப் போல உயரம். அவள் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அப்படி ஒன்று மூலையில் கிடந்தது. உயரமான பெண் யார் என்று தேடி இவள் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் அதை விடவில்லை. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கம்ப்யூட்டர் படிக்க ஓடிக்கொண்டிருந்தபோது, இவள் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசை படிக்கப்போவதாகச் சொன்னாள். நுழைவுத் தேர்வு உண்டு. டபுள் பேஸைப் பாடமாக எடுப்பவர்கள் சொந்தக் கருவியோடு வர வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கருவி சரியில்லை என்றால் இடம் போய்விடும்.

"இதுக்கு விவரம் தெரிஞ்ச ஆளு வேணும்பா," என்றாள் மகள். என் மனைவி உடனே தம்பிக்கு போன் போட்டாள். நான் அங்கேயே, அதே கூடத்தில், நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் எங்களைப் பட்டணத்தில் ஒரு பெரிய கடைக்கு அழைத்துப்போனான். கண்ணாடிக் கதவு, ஏசி, நடுவில் செக்கச்செவேல் என்று பளபளத்துக்கொண்டு ஒரு டபுள் பேஸ். மச்சானும் கடைக்காரரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நான் போய் விரல் முட்டியால் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"சார், டச் பண்ணாதீங்க ப்ளீஸ்."

"மாமா, இது கட்டில் இல்ல, தட்டிப் பாத்து வாங்க," என்றான் மச்சான். "நீங்க வேணா வெளிய போய் ஒரு டீ சாப்ட்டு வாங்களேன்."

"டீ எங்கயும் ஓடிப் போவாது மச்சான். இது பிளைவுட்டு."

கடைக்காரர் சிரித்தார். முழு மரம், வெளிநாட்டுச் சரக்கு என்றார். மரக்கடைக்கு லோடு வந்து இறங்கினால் நாங்கள் பட்டை பார்க்க மாட்டோம், நிறம் பார்க்க மாட்டோம், வெட்டிய முனையைத்தான் முதலில் பார்ப்போம். அங்கேதான் மரம் பொய் சொல்லாது. இந்தக் கருவியின் வயிற்றில் இரண்டு பக்கமும் வளைவாக ஓட்டை வெட்டியிருப்பார்கள். அந்த ஓட்டையின் ஓரம்தான் வெட்டிய முனை. மகளைக் கூப்பிட்டு அங்கே காட்டினேன். பாலிஷைத் தாண்டி மூன்று அடுக்கு, பிஸ்கட் மாதிரி, தெளிவாகத் தெரிந்தது. பிளைவுட்டிலும் நன்றாக வாசிக்கலாம், நம் ஊர் மழைக்கு அதுதான் தாங்கும் என்று பிற்பாடு மகள் சொன்னாள். இருக்கட்டும். பிளைவுட்டைப் பிளைவுட் என்று சொல்லி விற்கட்டும்.

"ஃபினிஷ் பாருங்க மாமா," என்றான் மச்சான், விடாமல்.

"ஃபினிஷு நம்ம பட்டறையில சவப்பெட்டிக்குக்கூட போட்டுக் குடுப்போம், வேணுமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். திரும்பும்போது மின்சார ரயிலில் மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. பரங்கிமலை தாண்டியதும் மகள் என் காதில், "எங்கப்பா கிடைக்கும் முழு மரத்துல?" என்றாள். என்னைத்தான் கேட்டாள். இது முக்கியம்.

எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லாவரத்தில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மா வீட்டுக்கு ஜன்னல் மாற்றப் போனபோது, உள் அறையில் வெள்ளைத் துணி போர்த்தி ஆள் நிற்பதுபோல ஒன்று நிற்பதைப் பார்த்திருந்தேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். நடன விருந்துகளில் டபுள் பேஸ் வாசித்தவர். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். துணியை எடுத்ததும் தூசி கிளம்பியது. பாலிஷ் பாதிக்கு மேல் உரிந்து, விளிம்பில் ஒரு விரிசலோடு கறுப்பாக நின்றது. மச்சான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டான்.

"மாமா, இதைப் போகி அன்னிக்குக் கொளுத்தலாம்."

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்னையும் சேத்துக் கொளுத்தலாம் மேன்," என்றார்.

நான் டார்ச்சை வைத்து ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தேன். அடுக்கு இல்லை. மேலே ஓடிய ரேகை அப்படியே உள்ளே இறங்கியது. முன்பலகை தேவதாரு ஜாதி, ரேகை தலைமயிர் போல நெருக்கம். முதுகு வேறு மரம், குறுக்கே அலை அடித்தது. தட்டினேன். தட்டியது நின்ற பிறகும் பலகை விரலில் பேசிக்கொண்டிருந்தது. விரிசல் ரேகையோடு போயிருந்ததே தவிர அதை வெட்டிக்கொண்டு போகவில்லை, ஒட்டினால் நிற்கும். மகள் இரண்டு நிமிஷம் வாசித்தாள். அந்த அம்மா பக்கத்து அறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "எடுத்துக்கோ மேஸ்திரி. பொண்ணு தினம் வாசிக்கணும்," என்றார். வாங்கிவிட்டோம். மச்சான் வாசலில் நின்று தன் செல்போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். இதுவும் முக்கியம்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எதிரானது. மச்சான் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பதால், நானே சொல்லிவிடுகிறேன்.

கயிறு முறுக்கிக் கட்டிய ரம்பத்தை வேலை முடிந்ததும் தளர்த்தி வைப்பது எங்கள் வழக்கம். இல்லையென்றால் சட்டம் வளைந்துவிடும். அதே புத்தியில், டெம்போவில் ஏற்றுவதற்கு முன் நாலு கம்பியையும் முழுக்கத் தளர்த்தினேன். பட்டறையில் இறக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது. ஓட்டை வழியாக விரல் விட்டு எடுத்தேன். சாணளவுக்கு மேல் நீளமான ஓர் உருளைக் குச்சி. முன்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் நடுவே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், பசை விட்டுப்போய் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். முட்டு என்றால் நடுவில்தானே நிற்க வேண்டும்? முப்பது வருஷமாக எத்தனை பரணுக்கு, எத்தனை உத்தரத்துக்கு நடுவில் முட்டு வைத்திருக்கிறேன்! ஓர் இரும்புக் கம்பியை வளைத்து, அதில் குச்சியை மாட்டி உள்ளே விட்டு, சரியாக நட்டநடுவில் நிறுத்தி, கெட்டியாகப் பசை போட்டு ஒட்டினேன். விரிசலையும் ஒட்டினேன். வேலை சுத்தம்.

மறுநாள் மகள் கம்பியை ஏற்றி வில்லை வைத்து இழுத்தாள். தொண்டையில் துணி அடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"என்னப்பா பண்ணீங்க?"

மச்சான் வந்து பார்த்தான். "ஆபரேஷன் சக்சஸ். பேஷன்ட்டுக்குப் பேச்சு மட்டும் போயிடுச்சு," என்றான். என் மனைவிகூடச் சிரித்தாள். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. மகள் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீருக்கு நான்தான் காரணம். அதை நான் மறுக்கவில்லை.

மச்சான் அந்தச் சிவப்புப் பிளைவுட்டையே வாங்கிவிடலாம் என்றான். இரண்டு நாள் பொறு என்றேன். பட்டறையில் எல்லா மிஷினையும் நிறுத்தினேன். ஆட்களுக்கு லீவு விட்டேன். மனைவி பொட்டு வைக்கும் கைக்கண்ணாடியை ஒரு கம்பியில் கட்டி, டார்ச்சோடு ஓட்டைக்குள் இறக்கிப் பார்த்தேன். முதுகுப்பலகையில், நடுவில் அல்ல, ஒரு பக்கமாக ஒதுங்கி, காலணா அகலத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. பல வருஷம் குச்சி நின்ற தடம். அதில் பசையின் அடையாளமே இல்லை. அப்போதுதான் புரிந்தது. அது ஒட்டி வைத்த முட்டு இல்லை. மேலே இழுக்கும் கம்பியின் அழுத்தத்திலேயே நிற்கிற குச்சி அது. கம்பியைத் தளர்த்தியவன் நான், அதனால் விழுந்தது.

வெந்நீரில் நனைத்த துணியை இரும்புக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு, பசையை இளக்கி, குச்சியை எடுத்தேன். தடத்தின் மேல் நிறுத்தினேன். மகள் கம்பியை ஏற்றி வாசித்தாள். பரவாயில்லை என்றாள். எனக்குப் பரவாயில்லை போதாது. நூலளவு உள்ளே தள்ளினேன்.

"இப்போ?"

"மேல் ஸ்வரம் நல்லாருக்கு, கீழ் ஸ்வரம் காணோம்."

நூலளவு வெளியே.

"இப்ப சொல்லு."

இப்படி ஒரு பகல் முழுக்க. மதியச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. கடைசியில் ஓர் இழுப்பு இழுத்தாள். பட்டறையில் சாய்த்து வைத்திருந்த தேக்குப் பலகைகள் அத்தனையும் அதிர்ந்தன. மகள் வில்லை எடுக்காமல் அப்படியே நின்றாள். "அப்பா, கையை எடுத்துடுங்க, தொடாதீங்க," என்றாள். எடுத்துவிட்டேன்.

தேர்வு நாளன்று கருவியை டெம்போவில் ஏற்றிப்போய், மாடிப்படியில் முதுகில் சுமந்து ஏற்றியது நான். இங்கிலீஷ் பேசுவதற்கு மச்சான். மகள் வாசித்து முடித்ததும் பேராசிரியர் எழுந்து வந்து கருவியைச் சுற்றிப் பார்த்தார். தட்டினார். ஆமாம், விரல் முட்டியால், என்னைப் போலவே! யார் இதைத் தேர்ந்தெடுத்தது என்று இங்கிலீஷில் கேட்டாராம், மகள் பிற்பாடு சொன்னாள். மச்சான் நெஞ்சில் கை வைத்து, "ஐ" என்று தொடங்கி ஏதோ நீளமாகப் பேசினான். மிச்சம் எனக்குப் புரியவில்லை. அந்த "ஐ" புரியும். கருவியின் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலருகே நின்றிருந்தேன். மகள் தரையைப் பார்த்தாள்.

இடம் கிடைத்தது. வீட்டில் இனிப்பு கொடுத்தார்கள், முதல் துண்டு அவனுக்கு.

அடுத்த வருஷம் அவன் செம்பாக்கத்தில் வீடு கட்டினான். வாசற்கதவுக்கு மரம் வேண்டும் என்று என் கடைக்கு வந்தான்.

"எது நல்லது மாமா?"

"நீதான் நல்லா செலக்ட் பண்ணுவியாமே. உனக்குப் புடிச்சதை எடுத்துக்கோ மச்சான்."

நிறத்தைப் பார்த்து எடுத்தான். வெட்டிய முனையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் எடுத்தது ஈரம் காயாத மரம். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஐப்பசி மழையில் கதவு உப்பி, நிலையில் இறுகிக்கொண்டது. ஒரு மாதம் குடும்பமே சமையலறை வழியாகப் போய் வந்தது. அந்த மாதத்தில் மூன்று முறை அவன் வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் வாசற்கதவைத்தான் தட்டினேன்.

"மாமா, பின்னாடி வாங்க! பின்னாடி!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"ஏன் மச்சான், ஃபினிஷு நல்லாத்தானே கீது?"

நான் செய்தது தப்பு என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். சொல்லட்டும். தேனாக இனித்தது.

ஆனால் அதனால் என் மனம் ஆறிவிடவில்லை. மகள் பட்டம் முடித்தபோது ஒரு கச்சேரி நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் இங்கிலீஷில் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவரைப் படித்துச் சொல்லச் சொன்னேன். ஆசிரியர்களுக்கு நன்றி. தனக்கு இந்தக் கருவியைத் தேடித் தந்த மாமாவுக்கு நன்றி. கடைசி வரியில், அன்புக்காக அப்பா அம்மாவுக்கு நன்றி. அன்பு! அன்பை வைத்துக்கொண்டு எந்தக் குச்சியை நிறுத்த முடியும்? அன்று அந்தக் கருவி அரங்கத்தையே அதிர வைத்தது. நான் கைதட்டவில்லை.

பிறகு மகளிடம் கேட்டேன். "மாமா மனசு கஷ்டப்படும்னு போட்டேன்பா. உங்களுக்குத்தான் தெரியுமே," என்றாள். எனக்குத் தெரிந்து என்ன? தாளை வாங்கிப்போன அத்தனை பேருக்கும் தெரியாதே.

இப்போது அவள் இன்னொரு கச்சேரியில் வாசிக்கப்போகிறாள். தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று நேற்றுத்தான் சொன்னாள். அதனால் எழுத்து மூலமாகவே கேட்கிறேன். "இந்த டபுள் பேஸைத் தேர்ந்தெடுத்து, பழுது பார்த்து, பேச வைத்தவர் என் அப்பா, தாம்பரத்தில் மரக்கடை வைத்திருப்பவர்" என்று தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை போட வேண்டும். இங்கிலீஷில் போடுவது மச்சான் படிப்பதற்கு. அவன் பெயரையும் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குக் கீழே.