பொட்டு வைத்த நான்கு புளியங்கொட்டைகள்

பிள்ளைகளே, நான் பெங்களூரில் சர்க்கார் ஆபீசில் தபேதாராக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். குறுக்கே பட்டையும் பித்தளை வில்லையுமாக நான் விறைத்து நிற்கிற போட்டோ வீட்டில் இருக்கிறது. ஆனால் தபேதாருக்கு என்ன வேலை என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் ‘கவர்ன்மென்ட்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவீர்களாம். அதனால் நானே எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆபீசில் கதவண்டை நிற்கிற, பைல் தூக்குகிற ஜவான்களுக்கெல்லாம் மேலே ஒருவன்தான் தபேதார். யார் எந்த வாசலில் நிற்பது, தபாலை யார் கொண்டுபோவது என்று பார்ப்பதோடு, காலையில் ஆபீசைப் பெருக்கித் துடைத்தது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் அவன் பொறுப்பு. பெருக்குகிறவர்களை சர்க்கார் காகிதத்தில் ‘ஜாடமாலி’ என்று எழுதுவார்கள். எங்கள் ஆபீசுக்கு ஒரே ஜாடமாலி. நீலசந்திராவில் நமக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தாளே, நீங்கள் குழாயடி அத்தை என்று கூப்பிடுவீர்களே, அவள்தான்.

அத்தை அப்போது இரண்டு வருஷமாக டெம்பரரி. ஆறு மாதத்துக்கு ஒருதரம் காகிதம் போட்டு நீட்டிப்பார்கள். அந்தத் தடவை அவளைப் பர்மனென்ட் ஆக்குகிற காகிதமே கிளம்பியிருந்தது. அதோடு தபேதார் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். ‘வேலை திருப்தி’ என்று எழுதினால் அவளுக்கு ஆயுசுக்கும் வேலை. ‘திருப்தி இல்லை’ என்று எழுதினால் மாதக் கடைசியோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். அவள் புருஷன் மூட்டை தூக்கி முதுகு போய் வீட்டோடு படுத்திருந்தான். மூன்று பிள்ளைகள். இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வரியை எழுதினேன் என்பதால்தான் இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆனது.

நான் தபேதார் ஆகி மூன்றே மாதம். எனக்கு முன்னால் இருந்தவர் மூக்கால் சோதனை செய்கிறவர். வாசலில் நின்று மூச்சை இழுப்பார். பினாயில் வாசனை வந்தால் எல்லாம் சரி. ஒரு நாள் ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார். அவர் பேச்சில் கன்னடமும் தமிழும் பாதிப் பாதி.

“தபேதாரே, ரேக்குக்கு அடியில போன வருஷத்து நோட்டீஸ் கெடக்குது. இங்க கச எடுக்குறாங்களா, இல்ல கச மேல பினாயில் ஊத்துறாங்களா?” கச என்றால் கன்னடத்தில் குப்பை.

“பாக்கறேன் ஸ்வாமி.”

“நீயும் மோப்பம்தான் புடிப்பே. பட்டை போட்டவங்கல்லாம் ஒரே ஜாதி.”

பக்கத்தில் நின்ற ஜவான்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

பீரோவுக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதுதான் நேர் வழி. ஆனால் எனக்கு அப்போது புதிதாகத் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கால்சட்டை. தரையில் முட்டி போட்டு, கறை பட்டு, அதை ஜவான்கள் பார்த்துச் சிரித்து... எனக்கு மனசு வரவில்லை. அதனால் குனியாமல் சோதனை செய்ய ஒரு வழி கண்டுபிடித்தேன். நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தேன். என் கொட்டை என்று எனக்கு அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா. திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, ஆபீசுக்குப் பெரிய அதிகாரியான சாஹேப்பின் ரூமில் பீரோவுக்கு அடியில் ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று, ரேக்குக்கு அடியில் ஒன்று, அவர் மேசைக்காலுக்குப் பின்னால் ஒன்று என்று காலாலேயே தள்ளி வைத்தேன். பெருக்கினால் கொட்டை போய்விடும். கொட்டை இருந்தால் பெருக்கவில்லை. இதைவிடச் சரியான கணக்கு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், நின்றபடியே பீரோவுக்கு அடியில் விட்டுத் துழாவினேன். டொக் என்று தட்டியது. கொட்டை இருந்தது. நான்கு இடத்திலும் இருந்தது.

எத்தனை நாள்தான் கிடக்கிறது பார்ப்போம் என்று அப்படியே விட்டேன். புதன், வியாழன், வெள்ளி. தினமும் டொக். சோதனை என்றால் சொல்லாமல் செய்வதுதான் சோதனை என்று நினைத்து, அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தினமும் வராந்தாவில் வாளியை வைத்துக்கொண்டு கேட்பாள்:

“எல்லாம் சரியா கீதுங்களாண்ணா?”

“பாக்கறேன்” என்பேன், முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். அன்றைக்கும் டொக். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் எழுதினேன்: ஐந்து நாளாக சாஹேப் ரூமில் அடியில் பெருக்கவில்லை, வேலை திருப்தி இல்லை. ஹெட் கிளார்க் படித்துவிட்டுத் தலையை ஆட்டி, அத்தையின் காகிதத்தோடு குண்டூசி குத்தி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்ப்பதற்காக சாஹேப்புக்கு ஒரு பைல் கட்டு போகும். அந்தக் கட்டில் அதுவும் போனது. நியாயமாகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மா குழாயிலிருந்து வந்து குடத்தை இறக்கி வைத்தாள்.

“ஏங்க, உங்க பெரியய்யாவ பீதருக்கு மாத்தப்போறாங்களாமே?”

பெரியய்யா என்றால் சாஹேப். மைசூர் ராஜ்யம் வடக்கே விரிந்து பெரிதான புதிது அது. அதன் வடக்குக் கோடியில் இருக்கிற பீதருக்குப் போக பெங்களூர் அதிகாரிகள் யாருக்கும் மனசு வராது. ஆபீசிலும் அந்தப் பேச்சு இருந்தது.

“யார் சொன்னா?”

“உங்க ஜாடமாலிதான். மாத்தல நிறுத்தறதுக்கு ஜோசியக்காரன் மந்திரிச்ச கொட்ட குடுத்துகிறானாம். ரூம்புல நாலு பக்கமும் சுண்ணாம்புப் பொட்டு வெச்சி நாலு கொட்ட.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“பாவம், பயந்துகினே பெருக்குறாளாம். தெனம் கொட்டைய எடுத்து முந்தானையில முடிஞ்சிகினு, கீழ பெருக்கித் தொடச்சி, ஈரம் காஞ்சப்புறம் அதே எடத்துல, பொட்டு மேல பாக்கற மாதிரி வெச்சிட்டு, கும்புட்டுட்டு வர்றாளாம். ‘பெரியய்யா ரூம்புல ஒரு குண்டூசியக்கூட எடம் மாத்தக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிகிறாரு அண்ணி, கொட்டைய மாத்துனா வுடுவாரா’ன்றா.”

அந்தக் கட்டளையைக் கொடுத்தவன் நான்தான். மேசை துடைக்கிறபோது காகிதம் இடம் மாறிப்போய் ஒருதரம் பெரிய ரகளை ஆனது. அதற்குப் பிறகு, எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்க வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவள் அதன்படி செய்திருக்கிறாள். ஹெட் கிளார்க் சொன்ன பழைய நோட்டீசும் அப்படித்தான் கிடந்திருக்கும். அப்போதுதான் எனக்குக் குடைக்கம்பி நினைவு வந்தது. ஐந்து நாள் பீரோவுக்கு அடியில் விட்டு எடுத்த கம்பி. அதன் நுனியில் ஒரு நாள்கூட ஒட்டடையோ தூசியோ ஒட்டி வரவில்லை. கொட்டையைத் தேடினேனே தவிர, நுனியைப் பார்க்கவில்லை.

“கொட்ட வெச்சது நான்தான்” என்றேன்.

“எதுக்கு?”

“பெருக்குறாளான்னு பாக்கறதுக்கு.”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “குனிஞ்சி பாத்தா தெரியாதா?”

எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். “அந்தக் காயிதம் எங்க?” என்றாள்.

“சாஹேப் வீட்டுக்குப் போயிடுச்சி.”

“அப்ப நீங்களும் போங்க.”

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குக் கிளம்பினேன். பனி. வழியெல்லாம், இந்நேரம் எழுந்திருப்பாரா, காப்பி குடித்திருப்பாரா, பேனாவை எடுத்திருப்பாரா என்று இதே நினைப்பு. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. சர்க்கார் ஆபீசில் நீ ஏன் கொட்டை வைத்தாய் என்று கேட்டால், என் வேலையே போகலாம்.

சாஹேப் வராந்தாவில் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பைல் கட்டு. சிவப்பு நாடா போட்டுக் கட்டியிருந்தது. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் நாடா கட்டுவார்.

“ஏனு தபேதாரே, பானுவாரா?” என்று கன்னடத்தில் கேட்டார். என்ன ஞாயிற்றுக்கிழமையில் என்று அர்த்தம். அவர் நம் தமிழர்தான், மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். ஆனால் ஆபீஸ்காரர்களிடம் தமிழில் பேசமாட்டார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடமாலி மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று முதலில் சொன்னேன். பிறகு புளியங்கொட்டை என்று நான் சொன்னதும், அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். தமிழுக்கு வந்துவிட்டார்.

“பொட்டு வெச்ச கொட்டையா?”

“ஆமாங்க சாஹேப்.”

“வெச்சது நீயா? நீதானா? வேற யாரும் சொல்லி வெக்கலியே?”

“நான்தாங்க. என் புத்திதாங்க.”

“மொத்தம் எத்தனை?”

“நாலுங்க.”

“அஞ்சாவது இல்லையே?”

“இல்லீங்க. சத்தியமா நாலுதாங்க.”

அவர் மப்ளரை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். உள்ளே பார்த்து, “இந்தாடி, இங்க வா. நம்ம தபேதாராம்” என்றார். அந்த அம்மாள் வாசல்படிக்கு வந்தார்கள். அப்போதுதான் நிலைக்கு மேலே பார்த்தேன். புது எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை அவருடைய பேனா மூடி உருண்டு மேசைக்கு அடியில் போயிருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் கொட்டையைப் பார்த்திருக்கிறார். பீதர் மாற்றலுக்காக யாரோ தனக்கு வைத்த சூனியம் என்று நினைத்து, அதைத் தொடவும் பயம், எடுக்கச் சொல்லவும் வெட்கம். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நகர்ந்த நாற்காலியை நானும் பார்த்தேன். வெயில் வேண்டியிருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“நான் ஹெட் கிளார்க்கைத்தான் சந்தேகப்பட்டேன்” என்றார். “நாலு நாளா அவன் குட்மார்னிங் சொன்னா நான் பதில் சொல்லலை. பாவம்.”

“சாஹேப், அந்தக் காகிதம்...” என்றேன்.

கட்டை அவிழ்த்தார். காகிதத்தை எடுத்தார். ‘மாதக் கடைசியோடு நிறுத்தவும்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து இருந்தது. மை நன்றாகக் காய்ந்திருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “கையெழுத்துப் போட்டா ஆயிடுமா? நாளைக்கு ஆபீஸ்ல முத்திரை விழணும், நம்பர் விழணும். அதுவரைக்கும் இது என் காகிதம்.” அந்த வரியையும் தன் கையெழுத்தையும் குறுக்கே அடித்து, ஓரத்தில் சின்னதாக இனிஷியல் போட்டார். நான் எழுதின சீட்டைக் குண்டூசியோடு உருவி என்னிடம் நீட்டினார். “இது நீ எழுதினது. நீயே கிழி.”

கிழித்தேன். எட்டாக, பதினாறாகக் கிழித்து ஜேபியில் போட்டுக்கொண்டேன். அவர் வீட்டு வராந்தாவில் குப்பை போடக்கூடாது என்று அப்போதும் ஞாபகம் இருந்தது. தன் பேனாவையே கொடுத்து வேறு சீட்டு எழுதச் சொன்னார். ‘வேலை திருப்தி’ என்று எழுதினேன். பிறகு ‘மிகவும்’ என்ற வார்த்தையை மேலே சேர்த்தேன். அவர் வீட்டம்மா எனக்குக் காப்பி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது சைக்கிளை மிதித்த ஞாபகமே எனக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே ஆபீசுக்குப் போனேன். அத்தை சாஹேப் ரூமில் ஈர மரத்தூளைத் தூவிப் பெருக்கி முடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி எழும்பிப் பைல்களில் ஏறாமல் இருக்க அப்படிச் செய்வாள். இத்தனை நாளில் அவள் வேலை செய்வதை நான் நின்று பார்த்தது அன்றுதான். துடைத்து முடித்து, முந்தானையிலிருந்து கொட்டைகளை எடுத்துப் பழைய இடங்களில் வைக்கிற வரைக்கும் காத்திருந்து, அவள் கும்பிடுவதற்குள் நான் வெள்ளைக் கால்சட்டையோடு முட்டி போட்டுக் குனிந்து பீரோவுக்கு அடியில் கையை விட்டேன்.

“அண்ணா, அண்ணா, அத்தத் தொடாதீங்க” என்று பதறினாள்.

“ஒண்ணும் ஆவாதும்மா. இது நான் வெச்சது” என்று சொல்லி, நான்கையும் எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டு, நடந்ததையும் சொன்னேன். நான் முதலில் எழுதிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். வெகு நேரம் பிழிந்தாள்.

“அப்ப இது வெறுங்கொட்டயா?”

“வெறுங்கொட்டதாம்மா.”

“அஞ்சி நாளு வெறுங்கொட்டய கும்புட்டுகிறேன்.” சிரித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. “பெருக்குனியாடின்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாதாண்ணா? தெனம் தண்ணி கொழாயில அண்ணியப் பாக்கறேன்.”

எழுந்தேன்.

“முட்டியப் பாருங்க” என்றாள்.

குனிந்து பார்த்தேன். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஈரம் இருந்தது. வேறு ஒரு பொட்டு அழுக்கு இல்லை. நான்கு இடத்திலும் முட்டி போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தபேதாராக இருந்த வரைக்கும் நான் முட்டி போட்டுத்தான் பார்த்தேன். ஜவான்கள் சிரித்துச் சிரித்துப் பழகிப்போனார்கள்.

அத்தைக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்த அன்று, ஒரு பொட்டலம் சர்க்கரையோடு நம் வீட்டுக்கு வந்தாள். சாஹேப்புக்கு பீதர் மாற்றலும் நின்றுபோயிருந்தது. அத்தை உங்கள் அம்மாவின் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, என்னிடம் கையை நீட்டினாள்.

“அந்த நாலு கொட்டயும் குடுத்துடுங்கண்ணா. வெறுங்கொட்டன்னு நீங்க சொல்லிட்டா ஆச்சா?”

மாடத்தில் வைத்திருந்த கொட்டைகளை எடுத்துக் கொடுத்தேன்.