கொடியேற்றத்தில் பாடிய ஜெர்மன்காரர்கள்

போன வாரம் எங்கள் ஊர் மாதா கோயில் கொடியேற்றத்தில் என் இசை ரசனைக்கு ஒருவழியாக அங்கீகாரம் கிடைத்தது. வாழ்த்த நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்கவும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு... என்னிடம் ஒரு பழைய ஜெர்மன் ராக் குழுவின் இசைத்தட்டுகள் இருக்கின்றன. சொந்த நாட்டுக்கே திரும்பிவிட்ட ஒரு வெள்ளைக்காரர் என் தலையில் கட்டிவிட்டுப் போனவை. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு! முதல் பாதியில் ஆர்கன் நிதானமாக வரும்; பின்னால் சிலர் சேர்ந்து முணுமுணுப்பார்கள். பிறகு திடீரென்று டிரம்ஸ் இடிக்கும், கிடார் அலறும், பாடுகிறவர் யாரோ தன் காலை மிதித்துவிட்டதைப் போலக் கத்துவார். எனக்கு அதில் உயிர்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு? நான் தட்டில் ஊசியை வைத்த மறு நொடி சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பிக்கும். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓடும். மிக்ஸியைத் தாண்டி அவள் காதில் விழுவது அந்தக் கத்தல் மட்டும்தான்.

"அந்த எழவ நிறுத்தித் தொலைங்க!" - இதுதான் எங்கள் வீட்டு இசை விமரிசனம்.

வில்லியனூரிலிருந்து வரும் நண்பர் ஒருவர், "வூட்ல மோட்டார் ரிப்பேரா?" என்று அக்கறையாக விசாரித்தார். போதுமா? தட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றி, காரில் தனியாகப் போகும்போது மட்டும் கேட்பது என்று அடங்கிவிட்டேன்.

இப்போது கொடியேற்றத்துக்கு வருவோம். ஸ்டெல்லாதான் கோயில் பாடகர் குழுத் தலைவி. பக்திப் பாட்டு பென்டிரைவை ரேடியோ செட் முருகனிடம் சேர்ப்பதும் அவள் பொறுப்பு. டிவி பக்கத்தில் இருந்த இரண்டு கறுப்பு பென்டிரைவ்களில் ஒன்றை எடுத்துப் போய்க் கொடுத்திருக்கிறாள். எதை என்று சொல்லவும் வேண்டுமா?

மைதானம் நிறைய ஜனம். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஆர்கன் கிளம்பியது... என் ஆர்கன்! பயத்தோடு சுற்றிலும் பார்த்தேன். யாரும் காதைப் பொத்தவில்லை. கதை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

"இது இன்னா பாஷைபா?" என்றார் பக்கத்தில் ஒருவர்.

"லத்தீன்டா! எங்கப்பா காலத்துல பூசையே இதுலதான். இன்னா உருக்கம் பாத்தியா!" என்றார் கோயில் உபதேசியார் சவரிமுத்து, துளி சந்தேகமில்லாமல்.

ஸ்டெல்லாவைத் தேடினேன். கொடிமரத்தடியில் கண்களை மூடி, கைகளைக் குவித்து நின்றிருந்தாள். கன்னத்தில் கண்ணீர். கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கிய காட்சி! என் பாட்டை அவள் கேட்கிறாள்... எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

ஆனால் அடுத்து என்ன வரும் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்? ஃபாதர் கொடியை மந்திரிக்கத் தயாராகிறார். அந்த நேரம் பார்த்து அந்த ஜெர்மன்காரர் கத்தித் தொலைத்தால்? பென்டிரைவ் கொடுத்தவள் ஸ்டெல்லா. அப்புறம் ஊர் அவளைப் பாடகர் குழுவில் விட்டுவைக்குமா? முணுமுணுப்பு முடியப்போகிறது... ஜனத்தை இடித்துக்கொண்டு ஓடினேன்.

"முருகா, நிறுத்துபா!"

"இன்னா சார்? நல்லாத்தான போய்க்கினு இருக்குது! சவுண்டு ஏத்தி வெக்கச் சொல்லி ஆள் மேல ஆள் வந்து கேக்குறாங்கோ..."

பென்டிரைவை நானே பிடுங்கினேன். 'டம்' என்று ஒரே ஒரு டிரம்ஸ் அடி மட்டும் தப்பித்து வெளியே வந்துவிட்டது. அதிர்வேட்டு என்று நினைத்து ஜனம் வானத்தைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"நீயாபா நிறுத்துன? சாமி காரியத்துல உனக்கு இன்னாபா வயித்தெரிச்சல்?" என்று உபதேசியார் ஊருக்கே கேட்கும்படி கேட்டார். நான் பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். முருகன் கைவசம் இருந்த மாதா பாட்டு ஒன்றைப் போட்டுச் சமாளித்தார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ஸ்டெல்லா ஆரம்பித்தாள்.

"முருகன் எங்கேர்ந்தோ அப்பிடி ஒரு பாட்டு கொண்டாந்து போட்டாரு. மனசே கரைஞ்சு போச்சு. அதப் போயி நிறுத்திட்டீங்களே... பாட்டுன்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? அந்த ஜெர்மன்காரன் கத்துறது ஒண்ணுதான் உங்களுக்குப் புடிக்கும்!"

பென்டிரைவ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம்...

காட்டினால் அவளுக்கு அந்தப் பாட்டு பிடிக்காமல் போய்விடுமே!